அத்தையின் பழைய டைம்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் முள் இல்லை, எண் இல்லை. பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினால் உள்ளேயிருந்து நான்கு சிவப்பு எண்கள், குளத்து மீன்போல, மேலே வரும். விரலை எடுத்ததும் அமிழ்ந்துவிடும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே நான் அத்தையின் கையைப் பிடித்து அந்தப் பொத்தானை ஓயாமல் அமுக்கியிருக்கிறேன். "போதும் பாப்பா, பேட்டரி செத்துரும்லா" என்பார். ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்.

அது ஒரு விசித்திரமான கைக்கடிகாரம். மணி பார்க்க இரண்டு கைகளும் வேண்டும்: ஒன்று கட்டியிருக்க, இன்னொன்று அமுக்க. பாசாரில் இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு நிற்கும்போது அத்தை மணிக்கட்டை என் உயரத்துக்குத் தாழ்த்துவார். நான் அமுக்கி எண்களைச் சொல்வேன். "முப்பது கூட்டிக்கோ" என்பார். நான் கற்ற முதல் கூட்டல் கணக்கு அதுதான்.

ஏன் முப்பது கூட்ட வேண்டும் என்பதற்கு ஒரு கதை இருந்தது. அத்தை அப்பாவின் அக்கா. குரூணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் போகாமல், சுங்கைப்பட்டாணியில் புதிதாகத் திறந்திருந்த மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன முதல் தோட்டத்துப் பெண்களில் ஒருவர். கைக்கடிகாரங்களுக்கான எண் பலகைகளை அங்கே ஒட்டினார்கள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சரியான புள்ளியில் இறக்குவது அத்தையின் வேலை. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்காகப் பரிசு கொடுத்தார்கள். அதற்குள் சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எண்கள் எப்போதும் தெரியும் கடிகாரங்கள் வந்துவிட்டிருந்தன. சிவப்பு எண்களைக் கேட்பாரில்லை. மிஞ்சிக் கிடந்தவற்றில் ஒன்றைத்தான் பரிசாகத் தந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆண்டுப் பிறப்போடு, மலாய்த் தீபகற்பம் முழுவதும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார்கள். அத்தையும் வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பினார். கைக்கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. "கையில இருக்கறது மிஷின் வாட்ச்சு. அதுவே மாத்திக்கும்னு நெனைச்சேன்" என்று பிற்காலத்தில் சொல்லுவார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும். மறுநாள் தோட்டத்து முச்சந்தியில், கடிகாரப்படி மிகச் சரியான நேரத்துக்கு நின்றார். தொழிற்சாலைப் பேருந்து அரை மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. ஒரு நாளும் தவறாதவர் என்ற பெயருக்காகக் கிடைத்த கடிகாரமே அந்தப் பெயரைக் கெடுத்தது. கடிகாரம் தப்பு என்று சூப்பர்வைசர் சொன்னாராம். "வாட்ச்சு தப்பில்ல சார், நீங்கதான் டைம மாத்திட்டீங்க" என்று பதில் சொல்லிவிட்டு, அன்றோடு அதை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தார். பேட்டரி மாற்றும்போதெல்லாம் கடைக்காரரிடம் பழைய டைம்தான் வைக்கச் சொல்வார். குடும்பத்தில் யாராவது கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தால், "என்ன, அத்தை டைம்ல வர்றியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

நான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு அது நின்றுபோனது. பொத்தானை அமுக்கினால் வெறும் கறுப்பு. அத்தை அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார்.

இப்போது நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எந்தக் கருவி எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்த்து, பட்டியலிட்டு, சரியாக்குவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் குரூணில் தனியாக இருக்கும் அத்தையைப் பார்க்கப் போவேன். அங்கேயும் என்னையறியாமல் ஒரு பட்டியல் வளர்ந்தது. தேநீர் ஊற்றும்போது குவளையின் விளிம்பில் விரலை வைத்துக்கொள்கிறார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் காதுக்கு அப்பால் பார்க்கிறார். பின்வாசலில் நின்று ஜெராய் மலையில் மேகம் இறங்கியிருக்கிறது என்கிறார். மலை பளிச்சென்று இருக்கிறது. சர்க்கரை கண்ணின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும், போனது திரும்பாது என்று மருத்துவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அத்தையிடம் கேட்டால், "எல்லாம் தெரியுதுலா" என்பார்.

தெரியவில்லை என்பதற்கு ஆதாரம் ஒரு நாள் கிடைத்தது. மணி தெரியாமல் இன்சுலின் ஊசியை இரண்டு முறை போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா எதற்கோ கூப்பிட்டுப் பார்த்து, உள்ளே வந்து, சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு கடிகாரம் வாங்கினேன். பார்வையற்றவர்களுக்கானது. கண்ணாடி மூடிபோலத் திறக்கும். உள்ளே மேடான புள்ளிகள், தொட்டாலும் நகராத உறுதியான முட்கள். நேரே நீட்டினால் வாங்கமாட்டார் என்று தெரியும். ஆகவே சுற்றி வளைத்தேன். விசித்திரக் கடிகாரங்களைப் பற்றித் தேடிப் படித்து, வாரத்துக்கு ஒன்றாக அவருக்குச் சொன்னேன். ஆண்கள் சட்டைப் பையில் கடிகாரம் வைத்திருந்த காலத்தில் கைக்கடிகாரம் பெண்களின் நகையாக இருந்தது, பிறகு போர்முனைச் சிப்பாய்கள் பதுங்குகுழியில் பையைத் துழாவ முடியாமல் அதைக் கையில் கட்டிக்கொண்டார்கள் என்றபோது, "பாத்தியா, பொம்பளைங்கதான் மொதல்ல" என்றார். முள்ளே இல்லாமல் சின்ன ஜன்னல்களில் எண்கள் குதித்து மாறும் கடிகாரம் அவருக்குப் பிடித்தது. உள்ளே ஓர் இசைக்கவை அதிர, டிக் டிக் என்று இல்லாமல் ரீங்காரமிடும் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னபோது, "தூக்கத்துல கொசுன்னு நெனைச்சு அடிச்சிருப்பேன்" என்றார். கால்குலேட்டர் கடிகாரத்துக்குக் குருவி விரல் வேண்டும் என்றார். பேசும் கடிகாரம் வேண்டவே வேண்டாம். கோயிலில் பூசை நடக்கும்போது கத்தினால்? அந்தப் பிற்பகல்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் சொல்லும் ஒவ்வொரு கடிகாரத்தையும் தன் கையில் கட்டிப் பார்ப்பதுபோல இடது மணிக்கட்டை வலது கையால் மெல்லத் தடவுவார்.

பட்டியலில் கடைசியாகத் திறக்கும் கடிகாரத்தை வைத்தேன். கையில் வாங்கி, மூடியைத் திறந்து, ஒரே ஒரு முறை விரலால் தொட்டார். மூடிக் கொடுத்துவிட்டார்.

"கண்ணு தெரியாதவங்க கட்டுறது பாப்பா. என்னோடத ரிப்பேர் பண்ணிக் கொடு. அந்தச் செவப்பு எனக்குத் தெரியும்."

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். இருட்டில் சிவப்பு. ஓரத்தில் மிச்சமிருக்கும் பார்வைக்கு அது எட்டலாம். எட்டினால் ஊசி நேரம் தவறாது. பிஸ்கட் டின்னோடு கூலிமுக்குத் திரும்பினேன். பின்மூடியைத் திறந்தபோது பழைய பேட்டரி கசிந்து தகடுகளில் பச்சை பூத்திருந்தது. இழைத் தூரிகையால் துளித் துளியாகச் சுரண்டினேன். உள்ளே மயிரிழைக் கம்பிகள். அவற்றில் ஒன்று அறுந்தாலும் ஓர் எண்ணின் ஒரு கோடு என்றைக்கும் எரியாது. அத்தை வேலை செய்த அதே நுண்ணளவில், அதே மாதிரியான உருப்பெருக்கியின் கீழ், என் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்தேன். புதிய பேட்டரிகளை வைத்துப் பொத்தானை அமுக்கியதும் சிவப்பு மேலே வந்தது. ஊசி முனையால் நேரத்தை வினாடி பிசகாமல் சரிசெய்தேன்.

வெள்ளிக்கிழமை அதை அவர் கையில் கட்டினேன். வானொலியில் ஐந்து மணிச் செய்தி அப்போதுதான் முடிந்திருந்தது. அத்தை மணிக்கட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய், தலையைச் சற்றே திருப்பி, பொத்தானை அமுக்கினார். அவர் கன்னத்தில் செந்நிறம் லேசாக விழுந்தது. வெகுநேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"நாலு முப்பத்தஞ்சு" என்றார். "சரியா?"

கண்ணாடியில் ஐந்து ஐந்து என்று இருந்தது. வேலைப் பழக்கத்தில் நான் புதிய நேரத்தை வைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகள் முப்பது கூட்டி வளர்ந்த நான் அதை மறந்துவிட்டேன். அத்தை எண்களைப் பார்க்கவில்லை. செய்தி முடிந்ததைக் கேட்டு, அதிலிருந்து அரை மணியைக் கழித்து, தன் கடிகாரம் என்ன காட்டவேண்டுமோ அதைச் சொல்லிவிட்டார். பழைய டைமை வைத்திருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

"சரி, அத்தை" என்று சற்றுத் தாமதமாகவே சொன்னேன்.

பேட்டரி மூடியைப் பார்க்கவேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கழற்றி வாங்கி, அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு சேலை ஊக்கை எடுத்து எண்களை அரை மணி பின்னே நகர்த்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிசகைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காகச் சம்பளம் வாங்குபவள் நான். அன்று அவர் சொன்னதற்கு ஏற்றபடி கடிகாரத்தைத் திருத்தி அவர் கையில் மறுபடி கட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம், அடுத்த ஊசியை எப்போது போடுவாரோ என்று பயந்துகொண்டே வண்டி ஓட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் செருப்பைக் கழற்றும்போதே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கு நீ சரின்னு சொன்னியே, அந்தச் சரி அரை மணி லேட்டா வந்துச்சு பாப்பா."

ஊக்கு, அடுப்படி எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே சிவப்பு எண் கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். அவர் நீட்டிய இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக நான் நின்றிருந்தேன். நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.

"செவப்பு தெரியுது. எண்ணுதான் தெரியல. அந்தத் தெறக்குற வாட்ச்ச எடு." பிறகு, கொஞ்சம் அதிகாரமாக, "பழைய டைம் வை. மறந்துறாத" என்றார்.

என் பையிலேயே இருந்த அதை எடுத்து, திருகைத் திருப்பிப் பழைய டைமை வைத்துக் கொடுத்தேன். முட்களை முதலில் நகத்தாலும் பிறகு விரல் நுனியாலும் தடவினார். முதல் முறை பெரிய முள்ளையும் சிறிய முள்ளையும் மாற்றிச் சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். மூன்றாவது முறை தவறவில்லை. உருப்பெருக்கியின் கீழ் புள்ளியைத் தேடிக் கம்பி இறக்கிய விரல்கள்.

அதன் பிறகு ஊசி ஒரு வேளைகூடத் தவறவில்லை. சிவப்பு எண்களை இப்போது நான் கட்டிக்கொள்கிறேன். ஒரே வினாடியில் துடிக்கும் கடிகாரங்கள் நிறைந்த என் வேலையிடத்தில் நான் மட்டும் அரை மணி பின்தங்கியிருக்கிறேன். கையில் பொருள் இருந்தால் கீழே வைத்துவிட்டுத்தான் மணி பார்க்க முடிகிறது. அப்படி வைக்கும் அந்தக் கணத்தில் என்னைச் சுற்றி இருப்பதெல்லாம் சற்று விலகி, ஈரமான பாசார் தரையும், என் உயரத்துக்குத் தாழ்ந்து வரும் ஒரு மணிக்கட்டும் தெரிகின்றன.

போன வெள்ளிக்கிழமை செய்தி முடிந்ததும் அத்தை வானொலியை நிறுத்தினார். மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்து, "நாலு முப்பத்தஞ்சு, சரியா?" என்று கேட்டார். நான் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு எண்கள் மேலே வந்தன. குரூண் முழுவதும் மணி ஐந்து ஐந்தாக இருந்தது.

"சரி, அத்தை" என்றேன், தாமதிக்காமல்.