கல்லில் உரசிய மீன்

எங்கள் கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் ஒரு தங்கமீன் வளர்க்கிறோம். சென்ற மாதம் அது திடீரென்று தொட்டியின் கூழாங்கற்களில் உடம்பை உரச ஆரம்பித்தது. செதில் சிவந்து, தீனியும் எடுக்கவில்லை. செத்துவிடுமோ என்ற பயத்தில், வேலையிலிருந்து வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

"மீனையே பாத்துகினு கீற. எனக்குந்தான் ஒடம்பெல்லாம் அரிக்குது," என்றார் கணவர்.

"சோப்ப மாத்துங்க," என்றேன், திரும்பாமலே.

தண்ணீர் மாற்றிய பிறகுதான் மீன் உரசுகிறது என்பது பார்க்கப் பார்க்கப் புரிந்தது. குழாய்த் தண்ணீரை முகர்ந்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. கீழே வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"கீழ சம்ப்பு தொட்டி கழுவனதுலேர்ந்து பவுடர் போட்டுகினு கீறோம்மா. கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி போல," என்றார்.

அடுத்த முறை, பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் காற்றாட வைத்த தண்ணீரை ஊற்றினேன். மீன் உரசவில்லை, மெல்ல மேலே வந்து தீனியைக் கொத்தியது. சந்தோஷத்தில் கணவரைக் கூப்பிட்டேன். சொறிந்துகொண்டே வந்து பார்த்தவர், "எனக்கும் ஒரு பக்கெட் புடிச்சி வைக்கிறியா?" என்றார்.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். முழங்கை வரை சிவந்திருந்தது. வாயில்லா ஜீவனுக்கு என்ன செய்கிறதோ என்று அத்தனை நாள் யோசித்த நான், வாய்விட்டுச் சொன்னவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.