யாருடைய எடைக்கு வைக்கட்டும்?

எங்கள் ஊர் மளிகைக்கடை வாசலில், பனிக்காலம் வந்துவிட்டால், ஸ்னோமொபைல்கள் வரிசையாக நிற்கும். முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பெல்ட், நடுவில் பைக் மாதிரி ஒரு சீட்டு. குன்னூர் மார்க்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கறிவேப்பிலை வாங்கப் போகிற மாதிரி, இவர்கள் அதை நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போகிறார்கள். கனடாவுக்கு வந்த முதல் வருஷம் இதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இங்கே ஏதாவது பந்தயமா என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவள் எனக்குத்தான் பந்தயத்தில் ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, கல்லாவுக்கு அடியில் தேடி, வண்டி விற்பனை விளம்பரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்கு இங்கிலீஷும் அப்போது அரைகுறை, வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் அவரிடம் கொடுத்தேன். வினையை நானே கையில் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன், பாருங்கள்.

அவர் என்றால் என் கணவர் மயில்சாமி. குந்தாவில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஊட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகி, பிறகு இந்த வடக்கு ஒன்டாரியோ சுரங்கத்தில் வண்டி பழுது பார்க்கிற வேலை கிடைத்து வந்தார். நான் குன்னூர்ப் பக்கம் ஒரு டீ பேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்தவள். இங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருமே குளிருக்குப் பயந்தவர்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினோம். வந்து பார்த்த பிறகு, நீலகிரியில் நாங்கள் குளிர் என்று சொன்னதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

அங்கே ஊரில் பனி விழுந்தால் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது. லவ்டேல் பக்கம் மார்கழி விடியலில் புல் வெள்ளையாகப் பூத்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள். அதே காலையில் இத்தலாரில் ஒருவர் கருகிப்போன தேயிலைச் செடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் பேக்டரிக்கு வருகிற பச்சைத் தழை அந்த மாதம் பாதியாகிவிடும். இங்கே ஜனங்கள் பனி எப்போது விழும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். தள்ளிப்போனால் மழை பொய்த்த மாதிரி வருத்தப்படுகிறார்கள். எனக்கு இது பல வருஷம் மனதுக்குள் இறங்கவே இல்லை. அவருக்கு இறங்கிவிட்டது.

போன கோடையில்தான் அவர் அந்த வண்டியை வாங்கினார். சாதாரண வண்டி இல்லை, பெர்ஃபாமன்ஸ் வண்டி. தொட்டால் பாயும். மேற்கே ராக்கி மலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததை, ஊர் மாறி வந்த ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். அங்கே உயரத்தில் காற்றில் சத்து கம்மி, எஞ்சினுக்கு இழுவையும் கம்மி. அதனால் கிளட்சுக்குள் எடை குறைந்த கட்டிகளைப் போட்டிருப்பார்களாம். தாழ்ந்த ஊரில் அப்படியே ஓட்டினால் எஞ்சின் வீணாகக் கத்தும், கனமான கட்டி போட வேண்டும் என்றார். ஊட்டியில் டியூனிங் செய்த பழைய பைக் மேட்டுப்பாளையம் இறங்கினதும் முரண்டு பிடிக்கும், கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகினால்தான் வழிக்கு வரும். அதுவும் இதுவும் ஒரே கதைதான். “இதும் நம்மளாட்ட மலையிலிருந்து எறங்கி வந்ததுதான் புள்ள. கொஞ்சம் மாத்திவுட்டாச் சரியாப் போயிரும்” என்றார்.

ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அவர் செய்த கூத்தை மறக்க முடியாது. ஷெட்டுக்குள் பனி உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுகிற ஆளின் எடைக்கு, உடுப்போடு சேர்த்து, ஸ்பிரிங்கை வைக்க வேண்டுமாம். ஆள் இல்லாதபோது வண்டியின் பின்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, அது சரியாக வரும்வரை ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டேப் பிடிக்கிற வேலை எனக்கு. அவர் இறங்குவார், எதையோ திருப்புவார், மறுபடி ஏறுவார், வேர்வை தாடையில் சொட்டும். “ஏனுங்க, தெனமும் ஒரு பிடி சோத்தக் கொறைங்க, ஸ்பிரிங்கத் தொடவே வேண்டாம்” என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துவிட்டு, அளவைச் சொல்லச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் சரியாக வந்துவிட்டது. இனிமேல் கிளட்சுக் கட்டியை மாற்றுவதும் பனி விழுவதும்தான் பாக்கி என்று வண்டியைத் தட்டிக் கொடுத்தார்.

அக்டோபரில் வேலைக்குப் போனவர் ஒர்க்‌ஷாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதற்கடுத்த வாரம் முதல் பனி விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, அந்தப் பனிமேல் ஆத்திரம் வந்தது. ஒரு வாரம் முன்னால் விழுந்திருந்தால் உனக்கு என்ன குறைந்தா போயிருக்கும் என்று வாய்விட்டே கேட்டேன்.

என் கொழுந்தனார் குன்னூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். ஞாயிறு தவறாமல் போன் செய்வார். “அண்ணி, அங்க தனியா என்னங்க பண்ணப் போறீங்க? எல்லாத்தையும் வித்துப்போட்டு ஊட்டுக்கு வந்துருங்க. பின்னால ரூம்பு உங்களுக்குத்தான், சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்குறோம்.” அந்த அறையை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அன்புக்குக் குறைவிருக்காது, சோற்றுக்கும் குறைவிருக்காது. மயில்சாமி சம்சாரம் பாவம் என்று எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அதை நினைத்தால் மூச்சு முட்டியது. இங்கே இருப்பதை நினைத்தாலும் மூச்சு முட்டியது. பனி உருகுவதற்குள் ஒரு முடிவு சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் வேலையாக வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு விளம்பரமும் போட்டேன்.

வாங்க ஒரு பையன் போனில் பேசினான். டிரெயிலில் ஓட்டத் தயாராக வைத்துக் கொடுத்தால் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான், தன் எடையையும் சொன்னான், மெலிந்தவன் போலிருக்கிறது. டிரெயில் என்பது காட்டுக்குள் போகிற பனிப்பாதை. இரவோடு இரவாகப் பெரிய இயந்திரம் ஒன்று அதன்மேல் போய், ரோடு ரோலர் மாதிரி பனியை அழுத்தி மட்டமாக்கிவிடும். அந்த இயந்திரத்தைப் பல வருஷம் ஓட்டியவர் எங்கள் அடுத்த வீட்டுக் கேரி. அவரிடம் உதவி கேட்டேன். சனிக்கிழமை காலையில் கருவிப் பெட்டியோடு வந்தார். பேச்சு குறைவு. கிளட்சில் கனமான கட்டிகளைப் பூட்டினார். வளைவில் வழுக்காமல் கடிப்பதற்கு ஸ்கீக்கு அடியில் புதுப் பட்டைகள் போட்டார். பக்கத்தில் இரண்டு கம்பிகளைப் பொருத்தினார். மட்டமாக இறுகின பாதையில் உதிரிப் பனி மேலே தெறிக்காது, எஞ்சின் சூடேறிவிடும், இந்தக் கம்பிகள் பாதையைக் கீறிப் பனித்தூளை வாரி அடித்துக் குளிர வைக்கும் என்றார். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, வேறு யாருடைய வண்டியையோ பார்க்கிற மாதிரி நின்றேன்.

கடைசியாகக் கேரி பின்பக்கம் குனிந்தார். ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். இதை யாரோ ஏற்கெனவே அளந்து அழகாக வைத்திருக்கிறார்கள், ஆனால் கனமான ஆளுக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பையனுக்கு ஒத்துவராது, தளர்த்திவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை எடுத்தார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். நான் கத்தினது தமிழில் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்குக் கையில் எங்கேயோ அடிபடப் போகிறது என்று எச்சரித்த மாதிரி பட்டிருக்கிறது, சட்டென்று கையை இழுத்துக்கொண்டு தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்துகொண்டார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“அப்படியானால் யாருடைய எடைக்கு வைக்கட்டும்?” என்று கேட்டார்.

என் கணவருடைய உடம்பு போய்விட்டது. துணிகளைக் கொடுத்தாயிற்று. அவர் இவ்வளவு கனமான மனுஷர் என்று இந்தப் பூமியில் நினைவு வைத்திருப்பது அந்த ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அதை அப்படியே விட்டால் யாரும் ஓட்ட முடியாது. விற்றால் யாரோ ஒரு பையனின் எடைக்கு அது மாறிப்போகும். எப்படியும் மாறத்தான் போகிறது. நான் உள்ளே போய், அவர் எனக்கென்று வாங்கி நான் ஒருநாளும் போடாத பனி உடுப்பை மாட்டிக்கொண்டு, பூட்ஸோடு வந்தேன்.

“எனக்கு வையுங்கள்” என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். வண்டி இம்மிகூட அமுங்கவில்லை. என்னை ஒரு ஆளாகவே அது கண்டுகொள்ளவில்லை. கேரி டேப்பைப் பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லி ஒரு சுற்றுத் தளர்த்தினார். மறுபடி ஏறினேன், கொஞ்சம் இறங்கியது. இன்னொரு சுற்று. ஒவ்வொரு தடவையும் என் கணவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் உட்கார்ந்தபோது வண்டி மெதுவாக அமுங்கி, என்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. அக்டோபரிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கேரி அவசரமில்லாமல் டேப்பைச் சுருட்டி, கருவிகளைத் துடைத்து, பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் அடுக்கி முடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரிடம் சொன்னேன். வண்டியை விற்கவில்லை, நானே ஓட்டப் போகிறேன் என்றேன். “அப்பொ நீங்க வரமாட்டீங்களாங்க?” என்றார். வருவேன், வருஷா வருஷம் வருவேன், ஆனால் இருக்க வரமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அண்ணன் பேர் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் இருக்கிறேனே என்றேன்.

இரண்டு வாரம் உறைந்த ஏரிமேல் பழகிவிட்டு, கேரியோடு டிரெயிலுக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி வந்தால், இடது கையைத் தூக்கி, தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரலில் காட்ட வேண்டும். கடைசி ஆள் கையை மூடிக் காட்ட வேண்டும், எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். கேரி முன்னால், நான் பின்னால். கேரி ஒரு விரலைக் காட்டுவார், நான் கையை மூடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

ஒரு நீண்ட இறக்கத்தில் கேரி வளைவைத் தாண்டி மறைந்தார். கீழேயிருந்து நாலைந்து வண்டிகள் ஏறி வந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். மஞ்சூர் ரோட்டில் என் கணவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன காலத்திலிருந்து உடம்பில் ஊறினது அது. இறங்குகிற வண்டி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மலைக்காரருக்கு இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. ஆனால் இந்த ஊரில் குளிரில் ஒரு வண்டி நடுக்காட்டில் நிற்கிறது என்றால் ஏதோ ஆபத்து என்று பொருள். அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். முன்னால் வந்த பெண் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, வண்டி ரிப்பேரா என்று கேட்டாள். இல்லை, நீங்கள் ஏறி வருகிறீர்கள், நீங்கள் முதலில் போங்கள் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த பாதையைப் பார்த்தாள்.

“யாருக்காவது காத்திருக்கிறீர்களா?” என்றாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். பிறகு இடது கையைத் தூக்கி, விரல்களை மூடிக் காட்டினேன். அவள் தலையசைத்தாள், ஒவ்வொருவராக என்னைத் தாண்டி ஏறிப்போனார்கள். எல்லோரும் போன பிறகுதான் கை இன்னும் தூக்கியே இருப்பதைப் பார்த்து இறக்கினேன்.

இப்போது இறக்கத்தில் நிற்பதில்லை, கையை மூடிக் காட்டவும் தயங்குவதில்லை. ஒன்று மட்டும் மாறமாட்டேன் என்கிறது. வளைவு வந்தால் போதும், நான் குன்னூரில் ஓட்டின ஸ்கூட்டர் நினைப்பில் இடது கட்டைவிரல் ஹாரனைத் தேடிப் போகிறது. இந்த வண்டிக்கு ஹாரன் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது கைப்பிடியைச் சூடாக்குகிற பட்டன். நான் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவருக்குக் குரல் கொடுப்பதாக நினைத்து அதை அமுக்குகிறேன், சத்தம் ஒன்றும் வருவதில்லை, கை மட்டும் கொஞ்சம் சூடாகிறது.