சம்பள வவுச்சருக்கு அடியில் வைத்த காகிதம்

அந்த யோசனை எனக்கு வந்தது கோவை விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில். கப்பலில் போயிருக்க வேண்டிய டி-ஷர்ட் பெட்டிகளை விமானத்தில் ஏற்றக் காத்திருந்தேன். தையல் ஐந்து நாள் தாமதம், கப்பலை விட்டுவிட்டோம். விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் சரக்குக் கூலிக்கே போய்விடும்.

யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்று, பெட்டி ஏற்றுபவர் வரைக்கும் லாபத்தில் பங்கு தருகிறதாம். அதனால் விமானம் தரையில் நிற்கும் நேரத்தை அவர்களே குறைத்துவிடுகிறார்களாம். படித்ததும் பரபரத்துப் போனேன். எம்.பி.ஏ. முடித்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைத் தேதிக்கு முடித்து அனுப்பும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டே மாதம். சரக்கு தேதிக்குக் கப்பலேறினால் லாபத்தில் ஒரு பங்கு தையல் லைனில் வேலை செய்பவர்களுக்கு என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

சொன்னதும் முதலாளி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “நல்ல யோசனைங்க தம்பி, எழுதிக் கொண்டாங்க” என்றார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாரே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாரச் சம்பளம் வாங்குவார்கள். ஒரே வேலையாக முடியட்டும் என்று, பங்குத் திட்டத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க ஆங்கிலத்தில் டைப் செய்த என் காகிதத்தை ஒவ்வொரு வவுச்சருக்கும் அடியில் வைத்தேன். இந்த வேலைக்கு வரும் புதியவர்களே, இந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

வரிசையில் முதல் ஆள், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் சரோஜாக்கா. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருபவர். தீபாவளி போனஸை நம்பித்தான் வீட்டுக்கு ஓடு மாற்றச் சொல்லி வைத்திருந்தார். வவுச்சரைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, சம்பளத்துக்கு ஒரு கையெழுத்துதானுங்களே. ரெண்டாவது எதுக்குங்க?”

விமானக் கம்பெனிக் கதையை ஆர்வமாகச் சொன்னேன். பின்னால் நின்ற ஓவர்லாக் டெய்லர் செல்லத்துரை திருநெல்வேலிக்காரர். “லாபத்துல பங்குன்னா நட்டத்துலயும் உண்டும்லா சார்? சரக்கு பிளேன்ல போச்சுன்னா எங்க கூலியில பிடிப்பியளோ?” என்றார். அண்ணனுக்கு டிக்கெட்டே போட்டுட்டாங்க என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சரோஜாக்கா சிரிக்கவில்லை. “தீவாளி போனசும் இதுக்குள்ளயே வந்துருமுங்களா?”

“இல்லீங்கக்கா, அது தனி.”

“அதைய மொதலாளி சொன்னாருங்களா, நீங்களா சொல்றீங்களா?”

முதலாளியிடம் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. சரோஜாக்கா பேனாவை மேசையில் வைத்துவிட்டு, சம்பளம் வாங்காமலே வெளியே போனார். வரிசையும் பின்னாலேயே போய்விட்டது.

நல்லது செய்யப் போனால் இப்படியா என்ற கோபத்தோடு முதலாளி அறைக்குப் போனேன். போனஸ் தனி என்று அவர் வாயால் ஒருமுறை சொன்னால் போதும் என்றேன். அவர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

“பங்குன்னு குடுத்தாச்சுன்னா அப்புறம் போனஸ் எதுக்குங்க தம்பி? அதுக்குத்தானே உங்க யோசனை நல்லா இருக்குதுன்னேன்.”

கீழே வந்து, வவுச்சர்களுக்கு அடியிலிருந்த காகிதங்களை எல்லாம் உருவினேன். எதிரே டீக்கடையில் நின்றவர்களிடம் போய், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. திரும்பி வந்து சம்பளம் வாங்கினார்கள். ஒவ்வொருவரும் வவுச்சரைத் தூக்கி அடியில் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த விமானக் கம்பெனி ஆட்கள் முதல் தடவை என்ன கேட்டார்கள் என்று பத்திரிகையில் இல்லை. இவர்கள் போனஸைப் பற்றிக் கேட்ட மாதிரித்தான் அவர்களும் ஏதாவது கேட்டிருப்பார்கள். சந்தேகப்படுபவர்களிடம் உற்சாகம் இல்லை என்று நினைத்தேன். பங்கு என்றால் என்ன என்று என்னைவிட நன்றாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமைக்கு ஒரு காகிதம் எழுதியிருக்கிறேன், தமிழில். போனஸ் எப்போதும்போலத் தனி. நட்டத்துக்குக் கூலியில் பிடித்தம் இல்லை. ஆர்டர் முடிந்ததும் கணக்கை சரோஜாக்காவும் செல்லத்துரையும் பார்ப்பார்கள். கீழே ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம், அது முதலாளிக்கு. அவர் போடாமல் லைனில் யாரிடமும் காட்டமாட்டேன். கிழித்துப் போடலாம், என்னையும் கணக்கு முடித்து அனுப்பலாம். ஆனால் அவர் முன்னால் தனியாக, மேலே எதுவும் வைக்காமல் நீட்டுவேன்.