ஒரு தெருவுக்கு முன்னால்

மகன் வீட்டுக்கு இன்னும் ஒரே ஒரு தெரு பாக்கி இருக்கும்போது அத்தான் தொண்டையைக் கனைத்தார். அக்கா மறுபேச்சில்லாமல் வண்டியை ஓரம் கட்டினாள். ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். அவர் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றினார், அவள் பின்பக்கமாக. ஒரே பக்கம் சுற்றினால் நடுவழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிவரும். ஐந்தரை மணி நேரம் பனியில் ஓட்டி வந்தவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்தரை மணி நேரம் வாயால் மட்டும் ஓட்டி வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார், கம்பளிக் குல்லாவைச் சரிசெய்தார், யாருமில்லாத தெருவில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

வாசலில் மகன் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். “எழுபத்தொரு வயசு! தனியாளா ஓட்டிட்டு வந்திருக்கார் எங்கப்பா!” என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே படம் எடுத்தான். மறு நிமிஷம் அது குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. படத்தில் அத்தான் முழுசாக இருந்தார். அக்காவின் முழங்கை இருந்தது. பின் சீட்டிலிருந்த நான் எங்கேயும் இல்லை. கல்யாணம் கட்டிக்கொள்ளாத தங்கைக்கு இதெல்லாம் பழக்கம். என்னை எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்வார்கள், பிளாஸ்க்கைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அத்தான் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தேர்வு அதிகாரியாக இருந்தவர். கொடுக்கும் அலுவலகம் என்று பெயர்தான். மடியில் அட்டை, காதிடுக்கில் பென்சில், முகத்தில் ஒன்றுமே இல்லை. வண்டியை நிறுத்தியதும், “அடுத்த மாசம் வாங்க” என்பார். ஊரில் அவருக்கு ‘அடுத்த மாசம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. காய்கறிக் கடையில்கூட, “அடுத்த மாசம் சார் வந்திருக்காரு, நல்லதாப் பொறுக்கிப் போடு” என்பார்கள். சிபாரிசு அவரிடம் செல்லாது. மேலதிகாரியின் மைத்துனனையே நாலு முறை திருப்பி அனுப்பினார். தகுதியில்லாத ஒருத்தரைக்கூட அவர் பாஸ் போட்டதில்லை, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். தகுதியிருந்தவர்களில் எத்தனை பேரைப் போட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவையும் மூன்று முறை பெயில் போட்டார். முதல் முறை, கிளம்புமுன் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை, மேட்டில் வண்டி அணைந்துவிட்டது. மூன்றாம் முறை அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் பழக்க தோஷத்தில், “என்னங்க, இங்க நிறுத்தட்டுமா?” என்று கேட்டுவிட்டாள். தேர்வின்போது அதிகாரியிடம் யோசனை கேட்கக் கூடாது. “அடுத்த மாசம் வாங்க” என்றவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே வாயால் காபி கேட்டார். அடுத்த மாசம் அவருக்குக் காய்ச்சல். “மாத்திரையக் குடுத்துப் படுக்க வெச்சேன், போர்வையப் போத்தினேன், நேரா அவர் ஆபீசுக்கே போயிட்டேன்” என்பாள் அக்கா. வேறொரு அதிகாரி ஏழு நிமிஷத்தில் பாஸ் போட்டு அனுப்பினார். அந்த மனிதரோடு அத்தான் பணி ஓய்வு பெறும்வரை முகம்கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அத்தானின் கண் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாகவே அவருக்குப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல். அது யாருக்கும் தெரியாமல் போனதற்கு அவருடைய உத்தியோகம்தான் காரணம். அவர் மேஜைக்கு எதிரே முப்பத்தோரு வருஷமும் ஒரே கண் பரிசோதனை அட்டைதான் தொங்கியது. வந்தவர்களெல்லாம் வாசிக்க வாசிக்க, இவருக்கு அது மேலிருந்து கீழ்வரை மனப்பாடம். கண் டாக்டரின் அறையிலும் அதே அட்டை. போன வருஷம், “வாசிங்க” என்றதும் பொடி எழுத்துக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று ஒப்பித்தார். டாக்டர் அசந்துபோய்க் கைகுலுக்கினாராம். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, முதல் எழுத்தைப் பார்த்ததும் மிச்சம் தானாக வந்துவிட்டது என்று அக்கா சத்தியம் செய்கிறாள். இந்த வருஷம் டாக்டர் புது அட்டை மாட்டியிருந்தார். அத்தான் அதைப் பார்த்து, பழைய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தார்.

கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ சரியாகிற கோளாறில்லை, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வாரம் அத்தான் எங்கேயும் போகாத வண்டியைக் காலையும் மாலையும் துடைத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் குளிர்காலத்தில் போகிற பயணத்தை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றார். அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. “வழியெல்லாம் நான் ஓட்டறேன். கடைசித் தெரு மட்டும் நீங்க ஓட்டிட்டுப் போய் நிறுத்துங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்” என்றாள். இரக்கப்பட்டு அவள் கொடுத்த இடம் அது. அத்தான் அதையே அரசாணையாக எடுத்துக்கொண்டார். அந்த ஒரு தெருவை அவர் கடக்கிற நேரத்தில் பின் சீட்டில் நான் வேண்டாத தெய்வமில்லை.

பயணத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. மகன் வீடு இரண்டு நாள், மகள் வீடு இரண்டு நாள், மலைமேலே எங்கள் பெரியக்கா வீடு மூன்று நாள். நடுவில் இயற்கைக் காட்சி ஏழு இடம், இடத்துக்குப் பதினைந்து நிமிஷம். அக்கா ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே வருவார்.

“கண்ணாடியப் பாரு.”

“பாத்துட்டேன்.”

“நீ பாத்ததை நான் பாக்கல. முன்னால லாரி நிக்குது, ஒதுங்கிப் போ.”

“அது பாலங்க.”

“பாலமா இருந்தாலும் ஒதுங்கியே போ.”

காட்சி முனைகளில் பனி எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ‘ஏரித் தோற்றம்’ என்று எழுதிய பலகைக்கு அந்தப் பக்கம் இரும்பு வேலி தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. அத்தான் குல்லாவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து, “அதோ ஏரி. இந்த வருஷம் தண்ணி ஜாஸ்தி” என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பம் அவரை நம்பி அந்தத் திசையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஏழு இடத்திலும் அவருக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவேதான் எங்களுக்கும் தெரிந்தது. அந்த ஏழு இடத்திலும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஓரிடத்தில் ஒரு புதுமணத் தம்பதி வண்டியைப் பின்னெடுக்க முடியாமல் திணறியது. அத்தான் போய் ஜன்னலைத் தட்டினார். “கிளட்ச் சத்தத்துலயே தெரியுது தம்பி, அவசரப்படறீங்க. லைசன்ஸ் யார் குடுத்தா?” அந்தப் பையன் தன் ஊர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னான். “அப்படியா, அங்க அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர், எங்கள் வண்டி என்று நினைத்து வேறொரு வெள்ளை வண்டியின் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

மகள் வீட்டில்தான் வினை. வழக்கம்போல ஒரு தெருவுக்கு முன்னால் கனைப்பு, இட மாற்றம், ஹாரன். மகள் வீட்டுக் கேட்டை அவர் கண்ணால் அடையாளம் வைத்திருக்கவில்லை, முனையிலிருந்து நாலாவது கேட் என்று எண்ணி வைத்திருந்தார். இந்த வருஷம் அந்தத் தெருவில் யாரோ ஒருவர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு கேட் வைத்துவிட்டார். அத்தான் நாலாவது கேட்டுக்குள் ஜம்மென்று நுழைந்து, ஒரு பூந்தொட்டியை நசுக்கி நிறுத்தி, இறங்கி, மாப்பிள்ளை என்று நினைத்து ஒருவர் தோளில் கையைப் போட்டார். “என்ன மாப்ள, இளைச்சிட்டீங்க?” தோளுக்குச் சொந்தக்காரர் அந்த வீட்டுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்ய வந்தவர். அடுத்த வீட்டு மாடியிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி திருப்ப இடம் பாத்தேன்” என்றார் அத்தான். மகள் நம்பவில்லை. சாப்பாட்டு மேஜையில், “அப்பா, கண்ணைக் காட்டினீங்களா இல்லையா?” என்று நேராகவே கேட்டாள். அக்கா முந்திக்கொண்டாள்: “நான்தாண்டி பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தேன். அதுல அவருக்குக் கவனம் தப்பிடுச்சு.” அவ்வளவுதான். இரண்டு நாளும் அக்காவுக்கு அர்ச்சனை. ஓட்டுகிறவரிடம் பேசலாமா அம்மா, அப்பா வயசென்ன, உனக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா என்று மகள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். அத்தான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் டீக்கடை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: “பெரியக்கா வீட்டு வாசல்ல நான்தான் ஓட்டிட்டுப் போய் நிறுத்துவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

காரணம் எனக்குத் தெரியும். எந்த விசேஷமானாலும் பெரியக்கா பந்தியில் எடுத்துவிடுகிற கதை ஒன்று உண்டு. “கட்டின புருஷனே மூணு தடவை பெயில் போட்டாருன்னா இவ ஓட்டற லட்சணத்தப் பாத்துக்குங்க!” முப்பது வருஷமாக அதே கதை, அதே இடத்தில் சிரிப்பு. நாலாம் முறை பாஸான சேதி அந்தக் கதையில் வராது. அக்காவும் முப்பது வருஷமாகச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

“உன் இஷ்டம்” என்றார் அத்தான். அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

பதினாலு கொண்டை ஊசி வளைவு. பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு ஏறினோம். பனியில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. அக்கா கண்ணாடியை இறக்கி, எதிரே வருகிற வண்டியைக் காதால் கேட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒதுங்கி, வழிவிட்டு, மேட்டில் ஒருமுறைகூட அணையவிடாமல் ஏற்றினாள். எட்டாவது வளைவுக்கு மேல் அத்தான் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டார். என் மடியிலிருந்த பிளாஸ்க்கில் சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பெரியக்கா வீட்டுக்கு ஒரு தெரு இருக்கும்போது அவர் கனைத்தார். அக்காவின் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. அவர் இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கத்துக் கதவருகே நின்றார். அக்கா இறங்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், புருஷனா இல்ல, ஆபீசரா பதில் சொல்லுங்க” என்றாள், இறக்கியிருந்த கண்ணாடி வழியாக. “இந்தக் கண்ணோட ஒருத்தன் உங்ககிட்ட டெஸ்டுக்கு வந்தா பாஸ் போடுவீங்களா?”

பனியில் நின்றார். குல்லாவைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

“போட மாட்டேன்” என்றார்.

வந்த வழியே பானெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய், பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

பெரியக்கா வாசலில் சால்வையும் ஸ்வெட்டருமாக வீடே கூடி நின்றது. மதில் சுவருக்கும் பெரியத்தானின் ஜீப்புக்கும் நடுவே ஒரு வண்டி நிற்கத்தான் இடம். அக்கா ஒரே தடவையில், வளைத்துப் பின்னெடுத்து, அதில் நிறுத்தினாள். பெரியக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“என்னடி அதிசயம், நீ ஓட்டிட்டு வந்திருக்க? அவருக்கு உடம்புக்கு என்ன?”

“தோள்பட்டைல கொஞ்சம் வலி, அதான்...” என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கினாள். அடுத்த பொய்யும் அவள்தான் சொல்லியாக வேண்டுமா?

அத்தான் இறங்கினார். பெரியக்காவுக்கு வணக்கம் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய்க் குனிந்து, மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டார்.

“என்ன சகலை, எதையாவது கீழ போட்டுட்டீங்களா?” என்று பெரியத்தான் கேட்டார்.

“இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. கையால பாக்கறேன்.”

பின்னால் ஒரு சாண் அளந்தார். தடவிக்கொண்டே முன்னால் வந்து, ஜீப்புக்கும் வண்டிக்கும் நடுவே விரலை விரித்து, அங்கேயும் ஒரு சாண் அளந்தார். பிறகு நிமிர்ந்து, அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவின் பிடியைத் தேடித் திறந்து, அவள் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.