கிணற்றில் மருந்து போட்டவருக்கு ஒரு செம்பு மோர்

போன மாதம் ராஜபாளையம் பக்கம் காலரா என்றதும், முனிசிபாலிட்டி பியூன் எங்கள் தெருக் கிணற்றில் மருந்து போட வந்தார். தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரி சிவந்துவிட்டது.

விஷம் என்றே நினைத்தேன். "நீரு மொதல்ல குடியும், பாப்போம்!" என்று வாளியை நீட்டினேன்.

அவர் வாளியை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார்.

எங்கள் தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் இன்று காலை கிணற்றடியில் கூத்தடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மறுபடி கிணற்றைப் பார்க்க வந்தார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். "செத்த நேரம் உக்காருங்கய்யா" என்று ஒரு செம்பு மோர் கொடுத்தேன்.

செம்புக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்க மொதல்ல குடிங்கம்மா, பாப்போம்."

குடித்தேன்.

நாளை ரத வீதிக்கு வருகிறாராம். போன மாதம் அங்கே மருந்து போட விடாமல் அவரை விரட்டியவர்கள் யார் யார்? இப்போதே மோர் கடையுங்கள்.