அண்ணியின் பரங்கிக் கொடி

அண்ணியின் கழுத்திலிருந்த தேனீக் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தது நான்தான். எள்ளில் பாதிகூட இருக்காது. சுவரில் தேய்த்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். அவருக்குக் கொட்டுப்படுவது புதிதல்ல. நாகல் நகர் வீட்டின் பின்பக்கம், ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவருடைய அப்பா கொண்டுவந்து வைத்த தேனீப் பெட்டி மூன்று வருடமாக இருந்தது. அந்தப் பங்குனியில் பாகலும் கத்தரியும் பூத்து, செண்டுப்பூ வரிசைகட்டி நின்றது. பரங்கிக் கொடி மதிலைத் தாண்டப் பார்த்தது. காலையில் பின்கதவைத் திறந்தாலே ரீங்காரம் கேட்கும்.

நான் இரண்டாவது சேலையை உதறும்போது அண்ணி உள்ளங்கைகளைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் சிவந்திருந்தன. "அரிக்குதுத்தா" என்றார். அடுத்து, "தொண்டைய என்னமோ அடைக்குது." குரல் அவருடையதாக இல்லை. உதடு தடித்து, ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அண்ணன் ஆட்டோவைக் கூட்டி வந்தான். கடைத்தெருவில் வெங்காய மூட்டை இறக்கும் லாரி வழியை மறித்து நின்றது. அண்ணன் இறங்கி ஓடி லாரிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். நான் அண்ணியின் முதுகைத் தடவியபடி அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் ஊதுவதுபோல இருந்தது. பிறகு அதுவும் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர் அண்ணனை வெளியே அழைத்து, "இனிமே ஒரு கொட்டுகூடப் படக்கூடாது" என்றார். இத்தனை வருடம் தாங்கிய உடம்பு இனித் தாங்காதாம்.

அன்று மதியமே பெட்டி ரெட்டியார்சத்திரத்துக்குத் திரும்பிப் போனது. அதோடு நின்றிருக்கலாம். அண்ணன் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பாகல், கத்தரி, செண்டுப்பூ எல்லாம் விழுந்தன. பரங்கியில் முஷ்டி அளவு பிஞ்சு ஏழெட்டு இருந்தது. அதையும் வெட்டினான். நான் தடுக்கவில்லை. வெட்டிய கொடியை அள்ளித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டதும் நான்தான்.

மறுநாள் வீடு திரும்பிய அண்ணி பின்கதவிலேயே நின்றுவிட்டார்.

"பெட்டி போனது சரி. கொடி என்ன செஞ்சுச்சு?"

"பூவு இருந்தா ஈ வரும்ல" என்றான் அண்ணன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அதன்பின் பல வாரங்கள் அவர்களுக்குள் பேச்சில்லை. தட்டில் சோறு விழும், குழம்பு விழும், எல்லாம் சத்தமின்றி. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தான். ஒரு ஈ பறந்தாலும் மூவரும் தலை தூக்குவோம். பயந்துபோய்ச் செய்தான் என்று எனக்குப் புரிந்தது. அண்ணிக்கும் புரிந்திருக்கும். புரிந்ததால் கோபம் குறைந்துவிடுமா என்ன?

ஆடியில் அண்ணி கீரை விதைத்தார். "இது பூக்குறதுக்கு முன்ன பறிச்சிரலாம்" என்று என்னிடம்தான் சொன்னார், உள்ளே இருந்த அண்ணனுக்குக் கேட்கும்படி. அடுத்த நாள் காலை அவன் தண்ணீர் ஊற்றினான்.

இந்தத் தையில், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுமிடத்தில் ஒரு பரங்கி தானாக முளைத்தது. அண்ணி பார்த்தார். அண்ணன் பார்த்தான். யாரும் பிடுங்கவில்லை. கொடி ஓட ஓட நான்தான் தினமும் மொட்டு தேடிப் பார்த்தேன். இது பூக்குமே.

பங்குனி பிறந்தபின் ஒரு காலை, விடிந்தும் விடியாத நேரம், பின்பக்கம் அரவம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தான். ஓர் ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, அதன் மகரந்தத்தைப் பிஞ்சோடு இருந்த பெண்பூவுக்குள் மெல்லத் தடவினான். பிறகு அந்தப் பூவின் வாயை நூலால் கட்டினான். விரிந்திருந்த மற்ற பூக்களை எல்லாம் கிள்ளி ஒரு பையில் போட்டு முடிந்தான். தேனீக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அடுப்படி ஜன்னல் வலைக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார்.

"நூல இம்புட்டு இறுக்காதீங்க" என்றார். "பிஞ்சு வெம்பிரும்."

அண்ணன் திரும்பாமலே முடிச்சைத் தளர்த்தினான்.