உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழைந்த பகல்

அந்த ஐப்பசி மழை வாரத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தது. காய்ச்சிக் குடிக்காமல் விட்டது என் சோம்பல்தான். குருசுக்குப்பத்தில் வாடகை வீடு. கணவர் மீன் ஏற்றும் வேன் ஓட்டினார். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை.

காலையில் தொடங்கிய வயிற்றுப்போக்கு, பத்து மணிக்குள் என்னை எழுந்து நிற்க விடாமல் செய்துவிட்டது. கணவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தார். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போனது. உப்பும் சர்க்கரையும் கலந்து தரட்டுமா என்று கேட்டார். இனிப்பு என்றாலே குமட்டுகிறது என்று நான்தான் தடுத்தேன். பத்து வருடமாகச் செல் சவ்வுப் பாடம் நடத்துகிறவள்!

வேனிலேயே படுக்கவைத்துக் கதிர்காமம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் என் இரண்டு கையையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். தோலைக் கிள்ளி விட்டாள்; மடிப்பு அப்படியே நின்றது.

"நரம்பே கிடைக்கலக்கா, உடம்புல அவ்ளோ தண்ணி கொறஞ்சிருக்கு. டாக்டர் வர்றதுக்குள்ள இந்த உப்பு சர்க்கரைப் பாக்கெட்டக் கரைச்சுக் குடுக்க ஆரம்பிங்கண்ணா. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வெறும் தண்ணி வேணாம்."

"வாந்தி எடுத்துட்டா?"

"எடுத்தா எடுக்கட்டும். பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் குடுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். ஜன்னலில் ஈர வெளிச்சம். கட்டில் மிதப்பதுபோல இருந்தது. நாக்கில் உப்பும் தித்திப்பும் பட்டு மெல்ல இறங்கின. நானும் அவற்றோடு இறங்கினேன்.

அங்கே குடலின் ஒரு செல் முன் நின்றேன். கரும்பலகையில் நான் போடும் இரட்டைக் கோடு இல்லை அது. எண்ணெய்போல நெளிந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கான கொழுப்புத் துணுக்குகள் இரண்டு வரிசையாக, தலையைத் தண்ணீர்ப் பக்கமும் வாலை உள்பக்கமும் வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் நழுவின. நடுநடுவே புரதங்கள், பாதி மூழ்கிய படகுகள்போல. உப்பு தனியாக வந்து அந்தக் கொழுப்பில் மோதித் திரும்பியது. சர்க்கரையும் அப்படித்தான். ஒரு புரதத்தின் வாயில் மட்டும் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அது முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்தது. மூன்றும் உள்ளே. அவற்றின் பின்னாலேயே சத்தமில்லாமல் தண்ணீர் போனது. திரும்பத் திரும்பப் போனது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அவ்வளவு அழகாக இருந்தது, எழுந்து வர மனமில்லை.

"தூங்காதம்மா, வாயத் தெற."

கணவரின் குரல். திறந்தேன்.

"இனிப்பா இருக்குன்னு துப்பிடாத."

"துப்பலங்க. ரெண்டும் சேந்துதான் உள்ள போவுது."

ஜன்னி கண்டுவிட்டது என்று பயந்து அவர் நர்ஸைக் கூப்பிட்டார். அவள் வந்து என் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். இந்தமுறை மடிப்பு உடனே மறைந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு, டிரிப்ஸ் வேண்டாம், இதையே தொடரட்டும், சிறுநீர் வந்துவிட்டால் பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

நாலு மணி சுமாருக்கு நானே சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தேன். கதவுக்கு வெளியே கணவர் காத்து நின்றார்.

"சிறுநீர் வந்துச்சுங்க," என்றேன்.

தாழ்வாரத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சிஸ்டர், வந்துடுச்சாம்!" என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, லுங்கியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.